பீஸ் கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போனவர்



கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கம்ப்யூட்டர் சமாச்சாரம்தான். ஆனாலும் சித்தி, மாமா, மைத்துனர் வகையறா பாதியில் ஓடிவிட வேண்டாம். நம் ஊர் டிரான்ஸ்பார்மர், தெருக்குழாய், போர்வெல், கூட்டுக்கிணறு எல்லாம் இதில் வருகிறது. ஒரு தவறை ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். 2005-இல் பிளஸ் டூ முடித்தவள். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், அதனால் போடவில்லை. உங்களில் அந்த செட்டைச் சேர்ந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், கண்டுபிடித்தால் கமெண்டில் போட்டுவிடாதீர்கள். பெங்களூரில் வேலை. லினக்ஸுக்கு டிவைஸ் டிரைவர் எழுதுகிறாள். அம்மா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது என்று சொல்லி, பழைய செய்முறை ரெக்கார்டு நோட்டு ஒன்றைக் கையில் கொண்டுவந்திருந்தாள்.

மாணவர்களின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காணும் நிரல். சாதாரணப் பாடம். அவள் அதில் கேட்காத இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாள். மாணவர் எண்ணிக்கை பூஜ்யம் என்று யாராவது கொடுத்தால், வகுக்காமல் நிறுத்திவிட்டு ஒரு செய்தி காட்ட வேண்டும். மதிப்பெண் 100-க்கு மேல் போனால் திரும்பக் கேட்க வேண்டும். அதன் பக்கத்தில் சிவப்பு மையில் என் கையெழுத்து: "தேவையற்ற வரிகள். கேட்டதை மட்டும் எழுதவும்." இரண்டு மதிப்பெண் வெட்டியிருக்கிறேன்.

"சார், அந்தத் தேவையற்ற வரிகளுக்குத்தான் இப்ப எனக்குச் சம்பளம் தர்றாங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என் வீட்டுக்காரம்மாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மதியம் சாப்பாடு முடிந்து சாயங்காலம் வரை அவள் வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அடிப்படையில் நான் இயற்பியல்காரன். பள்ளியில் கணினிப் பிரிவு வந்தபோது, ஆள் இல்லை என்று அதையும் எடுக்கச் சொன்னார்கள். டர்போ சி பிளஸ் பிளஸ்ஸின் நீலத்திரையை உங்களோடு சேர்ந்து நானும் கற்றவன். அதனால் அவள் சொன்னதில் முக்கால்வாசி புரிந்தது. மீதியை அப்புறம் படித்துப் புரிந்துகொண்டேன்.

முதலில் டிரைவர் என்றால் என்ன. கம்பம் பஸ் ஓட்டுகிறவர் இல்லை. கம்ப்யூட்டருக்குள் ஒரு பெரிய மேலாளர் இருக்கிறது, அதுதான் இயங்குதளம், அதன் நடுப்பகுதி கெர்னல். அதற்குப் பிரிண்டரின் பாஷை தெரியாது, வைஃபை சில்லின் பாஷையும் தெரியாது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். சாதாரண ஆப் ஒன்று தப்புப் பண்ணினால் அந்த ஆப் மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர் பெரும்பாலும் கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது. அது தப்புப் பண்ணினால் மொத்த மெஷினும் படுத்துவிடும். விண்டோஸில் நீலத்திரை வருகிறதே, அதற்குப் பின்னால் பல நேரம் இருப்பது யாரோ எழுதிய டிரைவர்தான். 2001-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள் லினக்ஸின் மூல நிரலை அலசிப் பார்த்தார்கள். கெர்னலின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டால் டிரைவர் பகுதியில் பிழை விகிதம் மூன்று முதல் ஏழு மடங்கு வரை அதிகம் என்று வந்தது.

ஏன் அங்கே மட்டும் அவ்வளவு? கருவி என்பது வெளியுலகம். வயர் பிடுங்கப்படும், சூடாகும், பதில் சொல்லாமல் இருக்கும், கேட்காதபோது பதில் சொல்லும். நம் கணக்குப் பாடத்தில் இரண்டும் இரண்டும் எப்போதும் நாலு. டிரைவரில் இரண்டைக் கேட்டால் "இப்போது தர முடியாது" என்று பதில் வரும். லினக்ஸில் அந்தப் பதில் ஒரு மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 12 என்றால் நினைவகம் இல்லை, மைனஸ் 16 என்றால் வேறு யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள், மைனஸ் 19 என்றால் அப்படி ஒரு கருவியே இல்லை. இந்த எண்ணைப் பார்க்காமல் மேலே போகிறவன் கதை, கடைக்காரர் "அரிசி இல்லை" என்று சொன்னதைக் காதில் வாங்காமல் காலிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து உலை வைத்த கதைதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அவள் சொல்லும்போது எனக்கு உடனே நம் போர்வெல் ஞாபகம் வந்தது. சப்மெர்சிபிள் மோட்டார் இறக்குவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மோட்டாரோடு முதல் பைப். கிளாம்ப் போட்டு நிறுத்தி, அதன்மேல் இரண்டாவது பைப். இறக்கி, மூன்றாவது. இப்படியே போகும். ஏழாவது பைப்பில் கேபிள் அடிபட்டு விட்டது என்று வையுங்கள். என்ன செய்வார்கள்? ஏழாவதைக் கழற்றி, ஆறாவதைக் கழற்றி, ஐந்தாவதைக் கழற்றி, போட்டதற்குத் தலைகீழ் வரிசையில் மேலே வர வேண்டும். முதல் பைப்பை முதலில் எடுக்க முடியாது. பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகவும் முடியாது. போனால் போரே அடைபட்டுக் கிடக்கும்.

டிரைவர் ஒரு கருவியைத் தொடங்குவதும் அப்படித்தான். நினைவகம் கேட்டு வாங்க வேண்டும். கருவியின் ரிஜிஸ்டர்களை நினைவக முகவரியில் பொருத்த வேண்டும். "உனக்கு வேலை இருந்தால் என்னைக் கூப்பிடு" என்று இன்டரப்ட் இணைப்பு வாங்க வேண்டும். கடைசியில் இயங்குதளத்திடம் "நான் தயார்" என்று பதிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது படியில் தோல்வி என்றால் இரண்டாவதைக் கழற்றி, முதலாவதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் "முடியவில்லை" என்று சொல்லித் திரும்ப வேண்டும். எதையாவது திருப்பித் தர மறந்தால் அது யாருக்கும் இல்லாமல் போகிறது. இதைவிட மோசம், நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்டரப்ட்டைத் துண்டிக்க மறப்பது. காலி செய்துவிட்டுப் போன வீட்டுக் கதவைத் தபால்காரர் தட்டுகிறார். உள்ளே இப்போது வேறு யாரோ. வந்த கடிதத்தை அவர் தன்னுடையது என்று பிரித்துப் படிக்கிறார்.

இந்தத் தலைகீழ்ப் பயணத்தை லினக்ஸ்காரர்கள் எதை வைத்து எழுதுகிறார்கள் தெரியுமா? கோட்டு. ஆமாம், நான் உங்களுக்குத் தொடவே கூடாது என்று சொன்ன அதே கோட்டு கட்டளை. எந்தப் படியில் தோற்றாலும் நிரலின் அடியில் அதற்கு உரிய இடத்துக்குத் தாவும். அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே கீழே வரும். அவள் மடிக்கணினியில் திறந்து காட்டினாள். அவ்வளவு சுத்தமாக இருந்தது. டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் 1968-இல் கோட்டு தீங்கானது என்று எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. அவர் காலத்தில் நிரலுக்குள் கண்டபடி தாவிக்கொண்டிருந்தார்கள், அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் அந்தக் கடிதத்தைப் படித்ததே இல்லை. யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, காரணம் சொல்லாமல், தடை மட்டும் போட்டேன். ஒருவன் அப்போதே எழுந்து "ஏன் சார் கூடாது, பாஷையிலேயே இருக்கே?" என்று கேட்டான். "உட்காருடா" என்றேன். அவன் இப்போது துபாயில் இருக்கிறான், இதைப் படிப்பான். தம்பி, உன் கேள்வி சரியான கேள்வி.

இனி பூட்டு.

ஊர்ப் பால் சொசைட்டியில் ஒரே கணக்கு நோட்டு, இரண்டு எழுத்தர்கள் என்று வையுங்கள். நோட்டில் 120 லிட்டர் என்று இருக்கிறது. ஒருவர் அதைப் பார்த்து மனசுக்குள் 5 கூட்டுகிறார். அதே நேரத்தில் மற்றவரும் 120-ஐப் பார்த்து 8 கூட்டுகிறார். முதலாமவர் 125 என்று எழுதுகிறார், அடுத்த நொடி இரண்டாமவர் அதை அடித்துவிட்டு 128 என்று எழுதுகிறார். இருக்க வேண்டியது 133. ஐந்து லிட்டர் பால் காற்றில் போய்விட்டது. இருவரும் நேர்மையானவர்கள், இருவரும் சரியாகக் கூட்டினார்கள். தினமும் நடக்காது, கூட்டமான நாளில் என்றைக்கோ ஒருநாள் நடக்கும். சோதித்துப் பார்க்கும்போது நடக்கவே நடக்காது. அதனால்தான் இந்த வகைப் பிழை கையில் சிக்குவதில்லை. மருந்து என்ன? நோட்டைத் தொடுகிறவர் முதலில் பூட்டிக்கொள்ள வேண்டும், எழுதி முடித்துத் திறந்துவிட வேண்டும்.

பூட்டிலும் வகை உண்டு. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்த தலைமுறைக்கு இது சுலபமாகப் புரியும். ஒன்று, குழாயடியிலேயே நின்று "முடிஞ்சதா, முடிஞ்சதா" என்று பார்த்துக்கொண்டே இருப்பது. இது ஸ்பின்லாக். இன்னொன்று, குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வேறு வேலை பார்ப்பது. முறை வந்ததும் பக்கத்து வீட்டம்மா கூப்பிடுவார். இது மியூடெக்ஸ். அரை நிமிட வேலைக்கு முதல் முறை நல்லது, அரை மணி வேலைக்கு இரண்டாவது. முதல் வகைப் பூட்டைக் கையில் வைத்திருப்பவர் தூங்கவே கூடாது என்பது கெர்னலில் கண்டிப்பான விதி. குழாயைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் தூங்கிவிட்டால், அத்தனை பேரும் வேறு வேலை எதுவும் செய்யாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். நினைவகம் கேட்கும் சாதாரணக் கட்டளைகூட, இடம் இல்லாதபோது உள்ளே தூங்கிவிடக்கூடியது. இது தெரியாமல் பூட்டுக்குள் நின்று நினைவகம் கேட்ட புதுப்பையன்கள் எத்தனை பேரைத் தான் திருத்தியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை என்றாள்.

லினக்ஸின் ஆரம்ப நாளில் மொத்தக் கெர்னலுக்கும் ஒரே பெரிய பூட்டுத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் முழுக்க ஒரே சாவி மாதிரி. ஆய்வகத்தில் ஒரு வகுப்பு இருந்தால் நூலகத்தைத் திறக்க முடியாது. 1996-இல் வந்தது அந்தப் பெரிய பூட்டு. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து முழுதாக எடுத்துப் போட 2011 ஆகிவிட்டது. பதினைந்து வருடம். சாவிகளைப் பிரிப்பது அவ்வளவு கஷ்டம்.

ஏன் கஷ்டம் என்றால், சாவி இரண்டானால் புதுச் சண்டை வரும். எங்கள் தாத்தா காலத்துக் கூட்டுக்கிணறு பற்றி உறவினர்களுக்குத் தெரியும். மோட்டார் ரூம் சாவி ஒன்று, வாய்க்கால் மடை முறை ஒன்று. இரண்டும் கையில் இருந்தால்தான் தண்ணீர் பாயும். ஒரு நாள் பெரிய வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டு மடைக்காகக் காத்திருந்தார். சின்ன வீட்டுக்காரர் மடையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சாவிக்காகக் காத்திருந்தார். "நீ விடு, நான் விடுறேன்." ராத்திரி முழுக்கக் கரண்ட் இருந்தது, கிணற்றில் தண்ணீர் இருந்தது, நாற்று காய்ந்தது. இதன் பெயர்தான் டெட்லாக். அப்புறம் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு விதி போட்டார்கள். யாராக இருந்தாலும் முதலில் சாவி, அப்புறம்தான் மடை. சாவி கையில் இல்லாதவன் மடையில் மண்வெட்டி வைக்கக் கூடாது. அதோடு சண்டை நின்றது. கெர்னலிலும் அதே விதிதான். எல்லோரும் பூட்டுகளை ஒரே வரிசையில்தான் எடுக்க வேண்டும். 2006-இல் இங்கோ மோல்நார் என்பவர் லினக்ஸுக்கு ஒரு கண்காணிப்பாளரையே எழுதிச் சேர்த்தார், லாக்டெப் என்று பெயர். யார் எந்த வரிசையில் பூட்டு எடுக்கிறார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டே வரும். முட்டிக்கொள்வதற்கு முன்பே, "நேற்று நீ சாவிக்குப் பின் மடை எடுத்தாய், இன்று இவன் மடைக்குப் பின் சாவி எடுக்கிறான், ஒருநாள் மாட்டுவீர்கள்" என்று சொல்லிவிடும். எங்கள் தாத்தா இருந்திருந்தால் பாராட்டியிருப்பார்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பிழையைக் கையாள்வது ஒரு பாடம், பூட்டு இன்னொரு பாடம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்று என்று அவள் சொன்னாள். அவள் சொன்ன உதாரணத்தைக் கேட்டதும், எங்கள் தெருவில் தொண்ணூறுகளில் நடந்தது ஒன்று நினைவுக்கு வந்தது.

கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் ஒருவர். ரொம்பக் கவனமான மனிதர். ஏறுவதற்கு முன் டிரான்ஸ்பார்மரில் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் காக்கிப் பையில் போட்டுக்கொள்வார். அங்கேயே வைத்துவிட்டு ஏறினால், விவரம் தெரியாத யாராவது "கரண்ட் இல்லையே" என்று எடுத்துச் சொருகிவிடுவார்கள், மேலே இருப்பவர் உயிர் போய்விடும். கட்டை தன் பையில் இருக்கும்வரை யாரும் கரண்ட் கொடுக்க முடியாது. இதைவிட நல்ல பூட்டு உலகத்தில் இல்லை. வேலை முடிந்ததும் இறங்கி வந்து அவரே சொருகுவார். நூறு முறை அப்படித்தான் நடந்தது.

நூற்றியோராவது முறை, மேலே போய்ப் பார்த்தால் பீங்கான் உடைந்திருக்கிறது. மாற்றுப் பீங்கான் கையில் இல்லை. இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு எடுத்துவரப் போனார். போன இடத்தில் வேறு அவசரம் என்று அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பீஸ் கட்டை அவர் பையிலேயே போய்விட்டது. எங்கள் தெரு மறுநாள் பகல் வரை இருட்டில் கிடந்தது. அதுவும் பிளஸ் டூ பரீட்சைக்கு முந்தின ராத்திரி. மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களில் நாலைந்து பேராவது இருப்பீர்கள். அவரை நான் குறை சொல்லவில்லை. வேலை நல்லபடி முடிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குக் கைப்பழக்கமாக இருந்தது. வேலை முடியாமல் பாதியில் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவருக்கு யாரும் பழக்கவில்லை.

டிரைவர்களில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளில் இது முக்கியமானது. தொடக்கத்தில் பூட்டுகிறார்கள். முடிவில் திறக்கிறார்கள். நடுவில் ஏதோ தோற்றால் "மைனஸ் 5" என்று சொல்லிவிட்டு அங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள். பூட்டு பையோடு போய்விடுகிறது. அடுத்து அந்தப் பூட்டுக்கு வருகிறவர் எல்லாம் நின்றுகொண்டே இருக்கிறார்கள். கருவி கெட்டது ஒரு சின்ன விஷயம், அதற்காக மெஷினே உறைந்துபோகிறது. நிரலை மேலிருந்து கீழே படிக்கிறவன் கண்ணுக்குப் பூட்டும் தெரியும், திறப்பும் தெரியும், எல்லாம் சரியாகத்தான் தெரியும். நடுவில் இருக்கும் அந்தத் திரும்பும் வரிதான் திருடன்.

"இதில் என்ன உயிரா போகிறது" என்று மாப்பிள்ளை ஒருவர் கேட்பார் என்று தெரியும். போயிருக்கிறது மாப்பிள்ளை. கனடாவில் செய்த தெரக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவு கடந்த கதிர்வீச்சைப் பாய்ச்சியது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். காரணம் பால் சொசைட்டிக் கதைதான். இயக்குகிறவர் திரையில் தவறாகத் தட்டியதை வேகமாகத் திருத்தினால், இயந்திரத்தின் ஒரு பாதிக்குத் திருத்தம் தெரியும், மறு பாதிக்குத் தெரியாது. மெதுவாகத் தட்டினால் பிரச்சினையே வராது. கை பழகி வேகம் வந்த பிறகுதான் வரும். அதற்கு முந்தைய மாடலில் தனியாக வன்பொருள் பூட்டு இருந்தது. மென்பொருள்தான் பார்த்துக்கொள்கிறதே என்று இந்த மாடலில் அதை எடுத்துவிட்டார்கள்.

எனக்கு அதைவிட வயிற்றைக் கலக்கியது பிழைச் செய்தி. தப்பு நடக்கும்போது திரையில் "மால்ஃபங்ஷன் 54" என்று மட்டும் வந்தது. 54 என்றால் என்ன, ஆபத்தா, அற்பமா என்று இயக்குகிறவருக்கு விளங்கும்படி கையேட்டில் எதுவும் இல்லை. அந்த மெஷின் தினமும் இப்படி ஏதாவது எண் காட்டுவது வழக்கம். பி என்ற ஒரு விசையைத் தட்டினால் மேலே ஓடும். அவர்கள் தட்டிப் பழகிவிட்டார்கள். தட்டினார்கள். நோயாளிக்கு இரண்டாவது முறையும் பாய்ந்தது. பிழையைப் பிடித்தாகிவிட்டது, சொல்லியும் ஆகிவிட்டது, ஆனால் சொன்ன விதம் யாருக்கும் உதவவில்லை. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. "எரர் வந்தா ஓகே கொடுத்துட்டுப் போடா" என்று ஆய்வகத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

சமீபத்தியது வேண்டுமா? 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர் உலகம் முழுக்க விண்டோஸ் கெர்னலில் உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு தகவல் கோப்பு அனுப்பினார்கள். நிரல் கையில் கொடுத்திருந்தது 20 மதிப்புகள், புதுக் கோப்பு இருபத்தோராவதைப் பார்க்கச் சொன்னது. இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்காமல் டிரைவர் கையை நீட்டியது. சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த படங்கள் உங்கள் வாட்ஸப்பிலும் வந்திருக்கும். தவறான கோப்பை ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த கணினிகளில் ஏராளமானவற்றை ஆள் போய் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியிருந்தது. எண்ணிக்கை சரிதானா என்று பார்க்கும் ஒரு வரி. என் மாணவி 2005-இல் எழுதி, நான் சிவப்பு மையில் அடித்த வரியின் உடன்பிறப்பு அது.

ஆகவே என் கருத்து இது. நாங்கள் கற்றுக்கொடுத்தது பாதி. சரியான உள்ளீடு, சரியான வெளியீடு, பக்கத்தில் கோடு போட்டு எழுதிய ரெக்கார்டு. செய்முறைத் தேர்வில் வெளியீடு வந்தால் முழு மதிப்பெண். உள்ளே என்ன ஆகிறது, கரண்ட் போனால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி கேட்டதில்லை. இயற்பியலில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஊசல் சோதனையில் புத்தக விடை வராதவன் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினான். விடை ஏன் தப்பாக வந்தது என்று தேடியவனுக்கு நேரம் போயிற்று, மதிப்பெண்ணும் போயிற்று. தப்பை மறைக்கத்தான் பழக்கினோம். இப்போது பதினொன்றில் சி பிளஸ் பிளஸ்ஸும் பன்னிரண்டில் பைத்தானும் வந்திருக்கின்றன. புத்தகங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆய்வகத்தில் பழக்கம் மாறியதாகத் தெரியவில்லை.

நிறுவனங்களும் சும்மா இல்லை. நல்லபடி ஓடும் பாதையை எழுத நாலு நாள், தோல்விப் பாதைகளை எழுத எட்டு நாள் என்று சொன்னால், மேலே இருப்பவர் முதல் நாலு நாளை மட்டும் தருவாராம். டெமோவில் தோல்விப் பாதை தெரியாதல்லவா. உங்களில் எத்தனையோ பேர் இப்போது டீம் லீடர், மேனேஜர். அடுத்த முறை ஒரு பையன் "இன்னும் எட்டு நாள் வேணும்" என்றால், எதற்கு என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இது உங்கள் பழைய வாத்தியாரின் வேண்டுகோள்.

இதை எழுதுவதற்கு முன் இன்னொரு மாணவனிடம் போனில் பேசினேன். அவன் ஒரு மறுப்புச் சொன்னான். "சார், இதெல்லாம் பழைய கதை. ரஸ்ட்டுனு ஒரு பாஷை வந்திருக்கு. 2022 டிசம்பர்ல லினக்ஸ் 6.1-லயே சேத்துட்டாங்க. பாதியில திரும்புனாலும் பூட்டு தானாத் தெறந்துக்கும். பூட்டு எடுக்காம டேட்டாவத் தொடவே விடாது. பழைய சியிலகூட இப்ப தானாக் கழட்டுற வசதி வந்துருச்சு." நியாயமான பேச்சு. சந்தோஷம்தான். லைன்மேன் சைக்கிளில் ஏறினதும் பீஸ் கட்டை தானாகப் பறந்து போய்ச் சொருகிக்கொள்ளும் என்கிறான். ஆனால் கம்பத்தில் உடைந்த பீங்கான் அப்படியே தொங்குகிறதே, இப்போது கரண்ட் வரலாமா கூடாதா? அதை எந்த பாஷை முடிவு செய்யும்? கருவி பாதி வேலை செய்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனால், திரும்ப முயல்வதா, ரீசெட் செய்வதா, மேலே இருப்பவருக்குச் சொல்வதா, என்ன வார்த்தையில் சொல்வது? இது யோசிக்கிறவன் வேலை. அவனும் கொஞ்சம் யோசித்துவிட்டு "அது வாஸ்தவம்தான் சார்" என்றான்.

கண்ட இடத்திலெல்லாம் சோதனை வரி போடச் சொல்வதாகவும் நினைக்க வேண்டாம். அதுவும் ஒரு நோய். வரவே முடியாத பிழைக்குப் பத்து வரி எழுதினால், அந்தப் பத்து வரியிலேயே புதுப் பிழை குடியேறும், யாரும் அதை ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால்தான் அவள் கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடித்தது. லினக்ஸில் வேண்டுமென்றே பொய் சொல்ல வைக்கும் ஒரு வசதி இருக்கிறதாம். நினைவகம் நிறைய இருக்கும்போதே "இல்லை" என்று சொல்லும். டிரைவர் எப்படித் திரும்புகிறது, எதை விட்டுவிட்டு வருகிறது, எந்தப் பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். பள்ளியில் தீயணைப்பு ஒத்திகை நடத்துகிறோமே, அதேதான்.

உத்தமபாளையம், சின்னமனூர், போடி பக்கம் பள்ளிகளில் கணினி ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு யோசனை. செய்முறை வகுப்பில் ஒரே ஒரு நாள் இப்படிச் செய்து பாருங்கள். பையன் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது பென் டிரைவைப் பிடுங்கிவிடுங்கள். (பழைய பென் டிரைவாக இருக்கட்டும், அதில் அவன் தங்கை கல்யாணப் போட்டோ இருந்து தொலைக்கப் போகிறது.) நிரல் என்ன செய்தது, என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கும் மதிப்பெண் போடுங்கள். எப்படிப் போனது என்று எனக்குத் தெரிவியுங்கள்.

அந்த ரெக்கார்டு நோட்டை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். வெட்டிய இரண்டு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டு, பக்கத்தில் இன்றைய தேதியோடு கையெழுத்தும் போட்டிருக்கிறேன். வீரபாண்டித் திருவிழாவுக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். போட்டோ எடுத்துப் போடலாம் என்றால் அவள் பெயர் அட்டையில் இருக்கிறது, அதனால் போடவில்லை.